பில்லில் ஏறும் நைட்ரஜன்

காரை சர்வீஸுக்கு விட்டதும் கைக்கு வருவது எஸ்டிமேட் தாள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெய்ன் பிளக் வாஷர், லேபர் என்று நாலைந்து வரி சாதுவாக இருக்கும். அதற்குக் கீழேதான் கூட்டம். த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் டீகார்பனைசிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், அண்டர்பாடி கோட்டிங், டெஃப்ளான், அலைன்மென்ட், பேலன்சிங், நான்கு டயருக்கும் நைட்ரஜன். மேலே உள்ள நாலு வரியின் தொகையைக் கீழே உள்ள கூட்டம் சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

காரைச் செய்த கம்பெனியும் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலின் பின்பக்கங்களில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். அதில் எல்லாமே எண்களாக இருக்கும்: இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது. சிலவற்றுக்குப் 'பரிசோதி' என்றும் சிலவற்றுக்கு 'மாற்று' என்றும் போட்டிருக்கும். எஸ்டிமேட்டின் கீழ்ப்பகுதியில் உள்ளவற்றை அந்த அட்டவணையில் தேடினால் பெரும்பாலானவை அகப்படாது.

இரண்டு தாள்களுக்கும் உள்ள வித்தியாசம் கவுண்டரில் நடக்கும் பேச்சிலேயே தெரியும்.

"சார், இன்ஜெக்டர் கிளீனிங் போட்டுடலாமா? மைலேஜ் நல்லா வரும்."

"இப்ப என்ன மைலேஜ் குறைஞ்சிருக்கு தம்பி?"

"குறையல சார். ஆனா போட்டா இன்னும் நல்லா வரும். பிக்கப்பும் ஸ்மூத்தா இருக்கும்."

காருக்கு உண்மையில் தேவைப்படும் எந்த வேலைக்கும் பின்னால் ஓர் அளவு இருக்கும். மில்லிமீட்டரோ வோல்ட்டோ டிகிரியோ கிராமோ, ஏதோ ஒன்று. விற்பனைக்காகச் சேர்க்கப்படும் வேலைக்குப் பின்னால் 'நல்லா', 'ஸ்மூத்தா', 'ஃப்ரெஷ்ஷா' மட்டும்தான் இருக்கும். எஸ்டிமேட்டை இந்த ஒரு சல்லடையில் போட்டுச் சலித்தாலே பாதி வரிகள் தங்கிவிடும்.

கத்தரிக்காய் சொத்தையா என்று வாங்கும்போதே பார்க்கலாம். ஹோட்டல் சாப்பாடு எப்படி என்று சாப்பிட்ட பிறகு தெரிந்துவிடும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு, வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அது தேவைப்பட்டதா, செய்யப்பட்டதா என்று தெரியாத வகை. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1973-இல் இந்த மூன்றாவது வகையைத் தனியாகப் பிரித்து எழுதினார்கள். இங்கே நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆள். டீகார்பனைசிங் செய்த கார் மறுநாளும் ஓடுகிறது. செய்யாவிட்டாலும் ஓடியிருக்கும். எதை வைத்து ஒப்பிடுவது?

இதை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை 1941-இல் ஒரு சோதனை நடத்தியது. நல்ல நிலையில் உள்ள காரில் காயில் வயர் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கராஜ்களில் நிறுத்தினார்கள். எட்டிப் பார்த்தாலே தெரியும் கோளாறு, சொருகினால் தீர்ந்தது. ஆனால் சுமார் 63 சதவீத இடங்களில் ஏதோ ஒரு வகையில் ஏமாற்றினார்கள். தேவையில்லாத வேலையைச் செய்தவர்கள் உண்டு, செய்யாத வேலைக்குக் காசு வாங்கியவர்களும் உண்டு.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு கலிபோர்னியாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். சியர்ஸ் என்ற பெரிய சங்கிலிக் கடையின் கார் சர்வீஸ் பிரிவுகளுக்கு அந்த மாநில வாகனப் பழுதுபார்ப்பு வாரியம் மாறுவேடத்தில் கார்களை அனுப்பியது. பிரேக்கில் ஒரு சிறு வேலை மட்டும் தேவை, மற்ற பாகங்கள் நல்ல நிலையில். 38 முறை அனுப்பியதில் 34 முறை தேவையற்ற வேலை பில்லில் ஏறியிருந்தது. 1992 ஜூனில் இது வெளியே வந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் திடீரென்று கெட்டுப்போகவில்லை. அதற்குச் சற்று முன்புதான் சர்வீஸ் அட்வைசர்களின் சம்பளத்தைக் கமிஷனோடும் விற்பனை இலக்கோடும் நிர்வாகம் கட்டியிருந்தது. நம் ஊர் சர்வீஸ் சென்டர்களிலும் அட்வைசருக்கு மாத டார்கெட் உண்டு. அந்தக் கீழ்ப்பகுதி வரிகளுக்கு 'வேல்யூ ஆடட் சர்வீஸ்' என்று தனிப் பெயரும் தனிக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கழுத்துப்பட்டையோடு நிற்கும் அந்தப் பையனிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அவன் தலைக்கு மேல் ஒரு எக்செல் தாள் தொங்குகிறது.

சரி, நைட்ரஜனுக்கு வருவோம். மிகச் சின்னத் தொகைதான். ஆனால் அறிவியலைக் காட்டி விற்கப்படுவதால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருக்கிறது, அதற்கு மேல் 3 பிஎஸ்ஐ நைட்ரஜன் 'டாப்-அப்' செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் டயருக்குள் நைட்ரஜனின் பங்கு 78-லிருந்து சுமார் 79.5 சதவீதமாகும். அந்த ஒன்றரை சதவீதத்துக்குத்தான் கட்டணம். டயரை முழுக்க இறக்கிவிட்டுச் சுத்தமான நைட்ரஜனை நிரப்பினாலும் உள்ளே ஒரு வளிமண்டல அளவுக்குப் பழைய காற்று தங்கியிருக்கும். எனவே ஒரு தடவை நிரப்பினால் 93 சதவீதத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் போக இரண்டு மூன்று முறை இறக்கி ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமை எந்த பங்க் பையனுக்கு இருக்கிறது?

'நைட்ரஜன் சூட்டில் விரியாது சார்' என்பது அடுத்த வசனம். காலையில் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ இருந்த டயர், திருச்சி நெடுஞ்சாலையில் ஓடி 60 டிகிரியைத் தொட்டால் ஏறக்குறைய 38 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே இருப்பது காற்றா நைட்ரஜனா என்று அந்தக் கணக்கு கேட்காது. இந்த வெப்பநிலையில் எல்லா வாயுவும் ஒரே விதிப்படிதான் விரிகின்றன. ஈரம் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் செய்யும். பங்க்கின் கம்பிரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரை வடிக்காமல் காற்று அடித்தால் டயருக்குள் நீராவியும் போகும். நைட்ரஜன் உலர்ந்தது. அந்த ஒரு நன்மை உண்மை.

கசிவும் உண்மைதான். ஆக்சிஜன் ரப்பர் வழியே நைட்ரஜனைவிட வேகமாக வெளியேறும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு 31 வகை டயர்களை ஜோடி ஜோடியாக எடுத்து, ஒன்றில் காற்றும் இன்னொன்றில் நைட்ரஜனும் 30 பிஎஸ்ஐக்கு நிரப்பி, 2006 முதல் 2007 வரை ஓராண்டு வெளியே வைத்தது. காற்று டயர்கள் சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இழந்தன, நைட்ரஜன் டயர்கள் 2.2. வருஷத்துக்கு 1.3 பிஎஸ்ஐ லாபம். பெட்ரோல் போடும்போது மாதம் ஒரு தடவை காற்றுப் பார்ப்பவருக்கு இந்த லாபத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

விமானத்தின் கதை வேறு. 1986 மார்ச் 31-ஆம் தேதி மெக்சிகோ நகரிலிருந்து புறப்பட்ட மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானத்தில், அதிகமாகச் சூடேறிய பிரேக்கினால் ஒரு டயர் நடுவானில் வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று இருந்தது. பிரேக்கின் கடும் சூட்டில் ரப்பரிலிருந்து எழும் ஆவியும் ஆக்சிஜனும் சேர்ந்தால் டயருக்குள்ளேயே தீப்பிடிக்கும். அதனால்தான் பெரிய விமானங்களுக்கு நைட்ரஜன் கட்டாயம். 'ஏரோப்ளேன் டயருக்கே இதுதான் போடுறாங்க சார்' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மாருதி ஆல்டோவுக்கு அந்தக் காரணம் பொருந்தாது, அவ்வளவுதான்.

ஏசி வரிகளுக்கு வந்தால் இரண்டு விதம் உண்டு. முதலாவது 'கேஸ் டாப்-அப்'. ஏசியில் உள்ள குளிரூட்டி வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் குழாய் வழியாகவும் கம்பிரசர் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் கசியலாம். இரண்டு மூன்று வருஷக் காரில் குளிர் குறைந்து வாயு போதவில்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் வாயு ஏற்றினால் அடுத்த கோடையில் அதே பில் மறுபடி வரும். பல கார்களில் உள்ள ஆர்134ஏ வாயு கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக்கூடியது என்பது தனி வருத்தம்.

இங்கே அளவு எங்கே என்று கேட்டால் மீட்டரைக் காட்டுவார்கள். நீலமும் சிவப்புமாக இரண்டு முள். ஆனால் குழாய்க்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், உள்ளே எவ்வளவு வாயு இருக்கிறது என்பதல்ல. இன்ஜினை அணைத்து வைத்திருக்கும்போது 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கக்கூடும். ஓடும்போது வாசித்தாலும் அது ஒரு குறிப்புதான், எடை அல்ல. பானட்டைத் திறந்தால் ஒட்டப்பட்டிருக்கும் ஸ்டிக்கரில் வாயுவின் பெயரும் கிராம் கணக்கும் போட்டிருக்கும். சரியான முறை, இருப்பதை மெஷினில் உறிஞ்சி எடுத்து, எவ்வளவு வந்தது என்று எடை பார்த்து, வெற்றிடம் பிடித்துக் கசிவு இருக்கிறதா என்று காத்திருந்து, ஸ்டிக்கரில் உள்ள கிராமை எடை போட்டு ஏற்றுவது. 'எத்தனை கிராம் வெளியே வந்தது?' என்ற கேள்விக்கு மெஷின் வைத்திருப்பவரால் பதில் சொல்ல முடியும்.

இரண்டாவது, டிஸ்இன்ஃபெக்டன்ட் ஸ்ப்ரே. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எவாப்பரேட்டரில் சென்னைக் காற்றின் ஈரம் எப்போதும் படிந்து சொட்டிக்கொண்டே இருக்கும். தூசியும் ஈரமும் இருந்தால் பூஞ்சை வரும், வாடை வரும். வாடை வந்த காரில் நுரை அடித்துக் கழுவுவது பலன் தரும். வாடையே இல்லாத காருக்கு ஒவ்வொரு சர்வீஸிலும் ஊதுவத்தி மாதிரி அடிப்பதற்கு என்ன காரணம் சொல்வார்களோ தெரியவில்லை. வீட்டுக்கு வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஏசி பட்டனை மட்டும் அணைத்து ஃபேனை ஓடவிட்டால் எவாப்பரேட்டர் காய்ந்துவிடும். க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைப் பல கார்களில் நாமே கையால் உருவிப் பார்க்கலாம்.

ஆயில் பற்றி ஒரு நம்பிக்கை மட்டும் பல வருஷமாக மாறாமல் இருக்கிறது. டிப்ஸ்டிக்கை உருவி டிஷ்யூவில் துடைத்து, 'பாருங்க சார், கறுப்பாயிடுச்சு' என்று காட்டுவார்கள். ஆயில் கறுப்பாவது அதன் வேலை. அதில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட் வகை வேதிப்பொருட்கள் கரித்தூளை இன்ஜின் சுவரில் படியவிடாமல் தாங்கிப் பிடித்திருக்கின்றன. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துவிடும். ஆயிலின் பசைத்தன்மையும் அமிலத்தை எதிர்க்கும் திறனும் எவ்வளவு மிச்சம் என்பது நிறத்தில் தெரியாது. அதனால்தான் மேனுவல் கிலோமீட்டரையும் மாதத்தையும் சொல்கிறது. ஆயிலோடு சேர்த்து ஊற்றும் 'இன்ஜின் ட்ரீட்மென்ட்' டப்பாக்களுக்கும் பழைய வரலாறு உண்டு. ஸ்லிக் 50 என்ற பிரபலமான டப்பாவின் தேய்மானம் குறையும் என்ற விளம்பரங்களை அமெரிக்க வர்த்தக ஆணையம் கேள்வி கேட்டது. 1997-இல் அந்த நிறுவனம் ஆதாரமில்லாத அந்த வாக்குறுதிகளை நிறுத்த ஒப்புக்கொண்டது. இங்கே கவனிக்க வேண்டிய எண் லிட்டர். மேனுவலில் ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் என்று இருக்கும். பில்லில் அதைவிட அரை லிட்டர் கூடுதலாக இருந்தால், மிச்ச ஆயில் இருக்கும் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி கொட்டிக் காட்டி 'இதனாலதான் மைலேஜ் போகுது' என்பார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது சரி. இன்றைய இன்ஜினில் உள்ளே வரும் காற்றை சென்சார் அளந்து, அதற்கேற்றபடிதான் கணினி பெட்ரோலைத் தெளிக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்தபோது மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. வண்டி வேகமெடுப்பதுதான் சற்று மந்தமானது. ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும், தூசி இன்ஜினுக்குள் போகாமல் இருப்பதற்காக. மைலேஜ் கதைக்காக முன்கூட்டியே மாற்ற வேண்டியதில்லை. இன்ஜெக்டர் கிளீனிங்குக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். இன்ஜின் ஐட்லிங்கில் தடுமாறினால், ஸ்கேனரில் கோளாறுக் குறி வந்தால் பேசலாம்.

டெஃப்ளான் என்ற பெயரைக் கேட்டதும் நான்ஸ்டிக் தோசைக்கல் நினைவுக்கு வரும், வர வேண்டும் என்பதுதான் நோக்கம். பிடிஎஃப்இ என்ற அந்தப் பொருள் உருக 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். தோசைக்கல்லில் அதைச் சூளையில் வைத்துத்தான் ஒட்டவைக்கிறார்கள். ஷெட்டில் துணியால் தேய்த்துப் பூசி அந்த மாதிரி ஒட்டவைக்க வழியில்லை. வருகிற பளபளப்பு மெழுகும் பாலிஷும் செய்யும் வேலை. பாலிஷ் போடும்போது மெஷின் வைத்து அழுத்தித் தேய்த்தால், பெயின்ட்டுக்கு மேலே ஏறக்குறைய 40, 50 மைக்ரான் தடிமனில் இருக்கும் கிளியர் கோட் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைகிறது. வருஷா வருஷம் 'பாதுகாப்பு' என்று அதைத் தேய்ப்பவர்கள் எதைப் பாதுகாக்கிறார்கள் என்று கேட்கலாம். அண்டர்பாடி கோட்டிங்கை அப்படி ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். கடற்கரையை ஒட்டி நிறுத்தும் கார்களுக்கு உப்புக்காற்று உண்மையான பகைதான். ஆனால் ஈரமும் மண்ணும் போகாமல் மேலேயே தார் மாதிரி அடித்தாலும், கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிட்டாலும், துரு உள்ளேயிருந்து வேகமாகத் தின்னும். வாட்டர் வாஷ் முடிந்து ஒரு மணி நேரத்தில் கோட்டிங் முடிந்துவிட்டது என்றால் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

அலைன்மென்ட் இவற்றோடு சேராது. அது தேவையான வேலை. தேவையில்லாதபோது விற்கப்படுகிறது என்பதுதான் பிரச்சினை. முன் சக்கரம் ஒன்று நேர்கோட்டிலிருந்து பத்தில் ஒரு டிகிரி உள்பக்கம் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 1.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் அது 17 கிலோமீட்டர். உரசலும் நெளிவுமாக அந்தத் தூரம் முழுவதையும் ரப்பர்தான் தாங்குகிறது. டயரின் ஓரத்தை விரலால் ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பாகவும், எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல் மாதிரியும் தட்டுப்படும். அது தட்டுப்பட்டாலோ, ஸ்டியரிங்கை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெரிய பள்ளத்தில் இறங்கியிருந்தாலோ அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

மெஷினில் ஏற்றியதும் திரையில் டோ, கேம்பர், கேஸ்டர் என்று எண்கள் வரும். எல்லைக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. நம் ஊர்ச் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன் சக்கரத்தின் டோவை, அதாவது அது உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை மட்டும்தான் திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பர் என்ற பக்கச் சாய்வைத் திருத்த இடமே இருக்காது, பின் சக்கரம் ஒரே உத்தரத்தில் இறுகியிருக்கும். ஆகவே 'நாலு வீலும் செட் பண்ணிட்டோம்' என்ற பேச்சைவிட, முன்னும் பின்னுமாக எடுத்த இரண்டு பிரின்ட் அவுட்டுகள் மேல். முதல் தாளிலேயே எல்லாம் பச்சை என்றால் அங்கே சரிசெய்ய ஒன்றும் இருந்திருக்காது.

கவுண்டரில் யாரும் ஆசையாக விற்க வராத ஒரு பொருள் பிரேக் ஆயில். நான் கவலைப்படுவது இதற்காகத்தான். அது கிளைகால் வகைத் திரவம், காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதற்கு விதிக்கப்பட்ட எல்லை 140 டிகிரிதான். டாட் 4 ரகத்துக்கு அந்த எண்கள் 230, 155. நிறம் பெரிதாக மாறாது, பெடலும் ஊருக்குள் ஓட்டும்வரை வழக்கம்போலவே இருக்கும்.

மலையில்தான் தெரியும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் உயரத்தில் சுமார் 1,900 மீட்டர் குறைகிறது. ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் இழக்கும் ஆற்றல் 24 மெகாஜூல். ஏறக்குறைய ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கும் வெப்பம் அது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனையும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். சூடு பேடைத் தாண்டிக் காலிப்பருக்கு வந்து, ஈரம் ஏறிய பிரேக் ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லிப் பல கம்பெனிகளின் அட்டவணையில் இருக்கிறது. பேனா மாதிரி ஒரு டெஸ்டரை முக்கினால் ஈர சதவீதம் தோராயமாகத் தெரிந்துவிடும். பளபளப்பு இல்லாத வேலை, மார்ஜினும் பெரிதாக இல்லை. நல்ல டயரில் நைட்ரஜன் ஏறிய எத்தனையோ கார்கள் நாலு வருஷப் பிரேக் ஆயிலோடு கொடைக்கானல் ஏறுகின்றன.

டயரின் வயதும் இப்படி விட்டுப்போகிற ஒன்று. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கலாம்.

தேவையில்லாததைச் செய்வது ஒரு குற்றம் என்றால், தேவையானதைப் பார்க்காமல் விடுவது அதைவிடப் பரவலானது. ஹென்றி ஷ்னைடர் என்ற பொருளாதார ஆய்வாளர், தானே கோளாறுகளை ஏற்பாடு செய்த காரை ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொண்டுபோய்ச் சோதித்த ஆய்வு 2012-இல் வெளியானது. தேவையற்ற வேலை சொல்லப்பட்டது நாலில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய வருகைகளில். இருக்கும் கோளாறைக் கவனிக்காமல் விட்டது நாலில் மூன்று பங்கு வருகைகளில். இலக்கு வைத்து விற்கும் இடத்தில் இது வியப்பில்லை. அட்வைசரின் கண் தாளில் இருக்கிறது, மெக்கானிக்குக்கு ஒரு காருக்கு ஒதுக்கிய நேரம் வாட்டர் வாஷுக்கும் கோட்டிங்குக்கும் போய்விடுகிறது.

வேலை சரி, விலை? மெகன் புஸ்ஸேயும் இரண்டு சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போன் செய்து ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு என்று கேட்கவைத்தார்கள். விலை பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொன்ன பெண்களுக்கு, அதையே சொன்ன ஆண்களைவிட அதிக விலை சொல்லப்பட்டது. '365 டாலர் என்று கேள்விப்பட்டேன்' என்று சந்தை விலையைச் சொன்னதும் ஆண், பெண் வித்தியாசம் மறைந்துவிட்டது. இங்கே கணவரோ அண்ணனோ கூட வரட்டும் என்று காத்திருக்கும் பெண்களுக்கு அவர்களைவிட அந்த ஒரு எண் உதவும். பாகங்களின் விலையைப் பல கம்பெனிகளின் இணையதளத்திலும் செயலியிலும் பாக எண்ணைப் போட்டே பார்க்க முடிகிறது.

பாகங்களின் விலைக்குப் பின்னால் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தினார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த உத்தரவில் ஒரு வரி நமக்கு முக்கியம்: வாடிக்கையாளர் வெளியே ஒரு வேலை செய்துகொண்டார் என்பதற்காகவே வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. இந்த உதிரிபாகங்களில் கணிசமானவற்றின் பிறந்த ஊர் நமக்குப் பக்கம்தான். சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கின்றன, தங்கள் பெயரில் சந்தைக்கும் அனுப்புகின்றன. கார் கம்பெனியின் பெட்டியில் வருவதும், பாகம் செய்தவரின் பெட்டியில் ஜி.பி. ரோடு கடையில் கிடைப்பதும் விலையில் வேறுபடும். கடைக்காரர் தெரிந்தவராக இருக்க வேண்டும், போலிப் பெட்டியும் அதே தெருவில் கிடைக்கும்.

பேட் மாற்ற வேண்டும் என்று போன் வந்தால் 'எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, ஸ்கேல் வைத்து ஒரு படம் அனுப்புங்கள்' என்று கேட்கலாம். புதுப் பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர், மேனுவலில் சொல்லும் குறைந்த அளவு பெரும்பாலும் 2 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். '40 சதவீதம்தான் சார் இருக்கு' என்றால் இன்னும் ஓட்டலாம் என்று பொருள். மாற்றினால் பழைய பாகத்தை டிக்கியில் வைக்கச் சொல்லலாம். வாரன்டியில் இலவசமாக மாற்றியதை மட்டும் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும்.

ஜாப் கார்டில் ஒரு பகுதி உண்டு, வாடிக்கையாளர் தானே கேட்ட வேலைகளை எழுதும் இடம். கீழ்ப்பகுதி வரிகள் பல நேரம் அந்தக் கட்டத்தில்தான் ஏறுகின்றன. கையெழுத்துப் போட்ட பிறகு அவை நாம் கேட்டு வாங்கியவை ஆகிவிடும். பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போனாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் எதிர்த் தரப்பு முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். வேண்டாத வரிகளைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, 'எஸ்டிமேட்டைத் தாண்டினால் போன் செய்து ஒப்புதல் வாங்கவும்' என்று ஒரு வரி எழுதி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுக்கலாம். பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய தேதி அதில் இல்லையென்றால், அந்த வரியை மட்டும் நாமே சேர்த்து எழுதலாம்.